மூன்று நாளும் மூன்று மாதமும்

டெக்சாஸில் 2025 செப்டம்பர் 1 முதல் ஒரு புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. செனட் மசோதா 922 என்பது அதன் பெயர். புற்றுநோயைக் காட்டிவிடக்கூடிய ஸ்கேன் அறிக்கை, பயாப்சி அறிக்கை, சில மரபணுச் சோதனை முடிவுகள் ஆகியவற்றை, அவை இறுதியானதிலிருந்து மூன்றாம் நாள் வரை நோயாளியின் கணினிக் கணக்கில் காட்டக் கூடாது என்கிறது அது. டல்லாஸுக்கு வடக்கே ஆலன், பிளேனோ, ஃபிரிஸ்கோ என்று நம்மவர்கள் நிறைய வாழும் ஊர்களில், கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, அடுத்த ஸ்கேன் என்ன சொல்லப்போகிறதோ என்று காத்திருக்கும் எல்லா வீடுகளையும் இந்தச் சட்டம் தொடுகிறது.

இது ஏன் வந்தது? 2016 டிசம்பரில் அமெரிக்க ஒன்றிய அரசு '21ஸ்ட் செஞ்சுரி கியூர்ஸ் ஆக்ட்' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. நோயாளியின் மருத்துவத் தகவலை அவரிடமிருந்து யாரும் தடுத்துவைக்கக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 5 அன்று நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு பல மருத்துவமனைகளில் ரேடியாலஜிஸ்ட் அறிக்கையில் கையொப்பமிட்டவுடனே அது மைசார்ட் போன்ற செயலிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சிகிச்சை தந்த மருத்துவர் பார்த்தாரா இல்லையா என்று செயலி பார்க்கவில்லை. அப்போதைய ஒரு காட்சி: ஆலனில் மாலை ஏழு மணிக்குப் போனில் 'புதிய பரிசோதனை முடிவு வந்துள்ளது' என்று ஒரு வரி வருகிறது. மருத்துவர் வீட்டுக்குப் போயிருப்பார். மில்லிமீட்டர் கணக்குகளும் புரியாத சொற்களும் நிறைந்த இரண்டு பக்கத்தைக் கணவனும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து கூகுளில் தேடித் தேடிப் படிக்கிறார்கள். அதே நேரம் கோடைக்காலக் கணக்கில் சென்னையில் விடியற்காலை ஐந்தரை. எழுந்ததும் அம்மா போன் செய்கிறார்: "ரிசல்ட் வந்துச்சா, கண்ணு?" என்ன சொல்வது?

இப்படிப்பட்ட இரவுகளைத் தவிர்க்கத்தான் டெக்சாஸ் சட்டம். கெண்டக்கியும் கலிபோர்னியாவும் இதற்கு முன்பே இதேபோன்ற கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்திருந்தன. தடை கணினிக் கணக்கில் வெளியிடுவதற்கு மட்டும்தான். மருத்துவர் முதல் நாளே அழைத்துப் பேசுவதை அது தடுக்கவில்லை. அந்த மூன்று நாளுக்குள் அவர் அழைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் நோயாளிகள் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது. 2023-இல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நான்கு பெரிய மருத்துவ மையங்களில் 8,139 பேரைக் கேட்டிருந்தார்கள். அந்த நான்கில் ஒன்று டல்லாஸின் யூ.டி. சவுத்வெஸ்டர்ன், ஆலன்காரர்கள் பலர் போய்வரும் இடம். மருத்துவர் பார்க்கும் முன்பே எங்களுக்கு முடிவு வந்துவிட வேண்டும் என்றவர்கள் சுமார் 96 சதவீதம். முடிவு சரியில்லாமல் வந்தவர்களிலும் மிகப் பெரும்பான்மையோர் அதையே சொன்னார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிவைச் செயலியில் திறந்து பார்த்தவர்களிடம்தான் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. திறக்கப் பயந்து போனைக் கவிழ்த்து வைத்தவர்களின் குரல் அதில் இல்லை. எல்லா வகைச் சோதனைகளும் அதில் கலந்திருந்தன. கொலஸ்டிரால் அளவுக்குக் காத்திருப்பதும் பெட் ஸ்கேனுக்குக் காத்திருப்பதும் ஒன்றாகிவிடாது.

எல்லோருக்கும் ஒரே மூன்று நாள் என்பதை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. ஸ்கேன் எடுக்கும் முன்பே "முடிவு வந்ததும் நீங்களே பார்க்க வேண்டுமா, மருத்துவர் வாயால் கேட்க வேண்டுமா?" என்று நோயாளியைக் கேட்டுக் குறித்துக்கொள்வதே நியாயம். அது அவர் உடம்பு. அதைவிட முக்கியமாக, இந்த மூன்று நாளைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். இதற்கு முன்னால், சிகிச்சை முடிந்ததிலிருந்து ஸ்கேன் எடுக்கும் வரை இருக்கும் மூன்று மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நோயாளிகள் அதிகம் வதைபடுவது அந்த மூன்று மாதத்தில்தான். அது ஏன் தேவைப்படுகிறது என்று அவர்களுக்கு யாரும் உட்காரவைத்து விளக்குவதும் இல்லை.

சிகிச்சை முடிந்த மறுநாளே ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என்ன? இதைக் கேட்காத நோயாளி இருக்க முடியாது. பதில் தெரிய பெட் ஸ்கேன் எதைப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை மற்றச் செல்களைவிட வேகமாக விழுங்குகின்றன. 1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டார். குளுக்கோஸைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு மூலக்கூறில் கதிரியக்க ஃபுளோரின் அணுவைப் பொருத்தினால், செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுவதும் செரிக்க முடியாமல் அது உள்ளேயே தங்கிவிடும். எஃப்.டி.ஜி. எனப்படும் இந்தப் பொருளை முதன்முதலில் மனிதர்களுக்குச் செலுத்தியது 1976 ஆகஸ்டில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். லாங் ஐலண்டின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். அவசரம் இருந்தது. அந்த ஃபுளோரினின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும்.

இன்றும் ஊசி போட்ட பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மங்கலான அறையில் பேசாமல், அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். பேசினால் தொண்டைத் தசையும், எதையாவது மென்றால் தாடைத் தசையும் சர்க்கரையை இழுத்துப் படத்தில் பளிச்சிடும். குளிரில் நடுங்கினால் கழுத்தோரத்துப் பழுப்புக் கொழுப்பு ஒளிரும்; அதனால்தான் போர்வை தருகிறார்கள். நம் வீடுகளில் அநேகமாக யாராவது ஒருவர் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை குடலைப் படத்தில் ஒளிரவைத்து, அங்கே உண்மையில் ஏதாவது இருந்தாலும் மறைத்துவிடக்கூடும். சில மையங்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். தானாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்கேன் தேதி குறிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் ஸ்கேனையே தள்ளிப்போடக்கூடும்.

சர்க்கரையை விழுங்குவது புற்றுநோய்ச் செல் மட்டும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் இறந்த செல்களை அள்ளிச் சுத்தம் செய்ய நோயெதிர்ப்புச் செல்கள் கூடுகின்றன. அவையும் பசியோடு சர்க்கரையை இழுக்கின்றன. அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் வெகுநேரம் சூடாக இருப்பதைப் போல, கட்டி செத்த பிறகும் அந்த இடம் வாரக்கணக்கில் ஒளிர்கிறது. அப்போது எடுக்கும் படத்தில் வீக்கம் எது, மிஞ்சிய புற்று எது என்று மிகத் தேர்ந்த கண்ணாலும் பிரிக்க முடியாமல் போகலாம். கீமோவோடு வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுவதுமே ஒளிரும். அவசரப்பட்டு எடுத்த ஸ்கேன் விடை தராமல், தேவையற்ற பயாப்சியையும் கூடுதல் அச்சத்தையும் தந்துவிடும்.

காத்திருப்பது பயனுள்ளது என்பதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் இந்தியாவில் மிகுதி. அதனால் இந்தச் சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிட்டனில் ஹிஷாம் மெஹன்னா தலைமையில் நடந்த 'பெட்-நெக்' ஆய்வு 2016-இல் வெளியானது. கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய புற்றுநோய்க்காரர்கள் 564 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி கழுத்தில் அறுவை. மறு பிரிவினருக்குக் கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து 12 வாரம் கழித்து ஒரு பெட்-சி.டி.; அதில் சந்தேகம் வந்தால்தான் கத்தி. முதல் பிரிவில் 221 அறுவைகள், இரண்டாம் பிரிவில் 54. உயிர் பிழைத்தவர்கள் விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பன்னிரண்டு வாரப் பொறுமையால், கழுத்தைத் திறக்க வேண்டிய தேவையே எத்தனையோ பேருக்கு இல்லாமல் போனது.

சரி, மூன்று மாதம் கடந்து ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. அறிக்கையில் 'ஸ்டேபிள்' என்று ஒரு சொல். நல்லதா, கெட்டதா? இங்கே பலர் தவிக்கிறார்கள்.

சி.டி. ஸ்கேனில் நம்பிக்கையோடு அளக்கக்கூடிய சிறிய கட்டி சுமார் 10 மில்லிமீட்டர். அவ்வளவு சிறியதற்குள்ளேயே பத்துக் கோடி முதல் நூறு கோடிச் செல்கள் இருக்கக்கூடும். ஆகவே 'ஒன்றும் தெரியவில்லை' என்ற அறிக்கையின் பொருள், பார்க்கத் தக்க அளவில் ஒன்றும் இல்லை என்பதுதான். அந்த எல்லைக்குக் கீழே ஏதாவது இருந்தால் அது வெளிப்படக் காலம் வேண்டும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று இடைவெளி விட்டு மறுபடி மறுபடி எடுப்பது அதற்காகத்தான்.

கட்டி சுருங்கியது, வளர்ந்தது என்று எந்த அளவில் சொல்வது? அதற்கு வகுத்த எல்லைக்கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1976-இல் மேயோ கிளினிக்கின் சார்லஸ் மோர்டெல்லும் புள்ளியியலாளர் ஜேம்ஸ் ஹேன்லியும் 16 அனுபவமிக்க புற்றுநோய் மருத்துவர்களை அழைத்தார்கள். மெத்தையில் 12 கெட்டி உருண்டைகளை வைத்து, மேலே நுரை ரப்பரால் மூடி, கையால் தொட்டு அளக்கச் சொன்னார்கள். ஒரே அளவு உருண்டைகளையே மருத்துவர்கள் வெவ்வேறாக அளந்தார்கள். கைப்பிழையால் வரும் வித்தியாசத்தைத் தாண்டி உண்மையான சுருக்கம் என்று நம்ப வேண்டுமானால் பரப்பு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும் என்று முடிவானது. 2000-இல் 'ரெசிஸ்ட்' என்ற உலகளாவிய அளவுகோல் வந்தபோது, அந்தப் பாதிப் பரப்பே 'விட்டத்தில் 30 சதவீதக் குறைவு' என்று உருமாறியது. விட்டம் 20 சதவீதம் கூடினால் வளர்ச்சி. நடுவே உள்ள எல்லாம் 'ஸ்டேபிள்'.

இது மருந்து ஆய்வுகளுக்காக வகுத்த கோடு. ஆனாலும் அன்றாடச் சிகிச்சையிலும் மருத்துவர்களின் கண் இதே பழக்கத்தில்தான் பார்க்கிறது. விட்டத்தில் 20 சதவீதம் என்றால் கொஞ்சம் போலத் தெரியும். உருண்டையான கட்டியின் கன அளவில் அது சுமார் 73 சதவீதம். விட்டம் 30 சதவீதம் குறைந்தால் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று பொருள். ஆகவே 12 மில்லிமீட்டர் 13 ஆகிவிட்டது என்று ஓர் இரவு முழுக்க அழ வேண்டியதில்லை. அடுத்தடுத்த வெட்டுப் படங்களில் எதைத் தேர்ந்து அளந்தார்கள், நோயாளி மூச்சை எவ்வளவு பிடித்தார் என்பதிலேயே அந்த ஒரு மில்லிமீட்டர் வந்துவிடும். மருத்துவர் இல்லாத இரவில் அறிக்கையைத் தனியே படிப்பவருக்கு இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

இந்த அளவுகோலே ஏமாந்த கதையும் உண்டு. அதன் நாயகர் ஒரு டெக்சாஸ்காரர். தென் டெக்சாஸின் ஆலிஸ் என்ற சிற்றூரில் 1948-இல் பிறந்த ஜேம்ஸ் அலிசன், சிறுவயதிலேயே தாயை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1990-களில் பெர்க்லியில் இருந்தபோது, நோயெதிர்ப்பு டி-செல்லின் பிரேக்கைத் தளர்த்தினால் அது புற்றைத் தாக்கும் என்று எலிகளில் காட்டினார். அந்தச் சிந்தனையில் பிறந்த மருந்து இபிலிமுமாப். மனிதர்களில் சோதித்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. 12 வாரத்து ஸ்கேனில் சிலருக்குக் கட்டி பெரிதாகியிருந்தது; பழைய விதிப்படி மருந்து தோல்வி. ஆனால் அவர்களில் சிலர் வாரங்கள் போகப் போகத் தேறினார்கள். கட்டியின் அளவு கூடக் காரணம், உள்ளே படையெடுத்துப் புகுந்த டி-செல்களும் அதனால் வந்த வீக்கமும். இதே வகையில் ஃபைசர் வைத்திருந்த ட்ரெமெலிமுமாப் மருந்தின் இறுதிக்கட்ட ஆய்வு, இடைக்கணக்கில் பலன் தெரியவில்லை என்று 2008-இல் நிறுத்தப்பட்டது. இபிலிமுமாபை உருவாக்கியவர்களோ இலக்கையே மாற்றினார்கள்: கட்டியின் அளவைப் பார்க்காமல், நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று பொறுத்திருந்து பார்ப்போம் என்றார்கள். 2011 மார்ச்சில் அந்த மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அலிசன் பிறகு ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்துக்கு வந்தார். 2018-இல் நோபல் பரிசு பெற்றார். ட்ரெமெலிமுமாபும் 2022-இல் கல்லீரல் புற்றுக்கு இன்னொரு மருந்தோடு சேர்ந்து ஒப்புதல் வாங்கியது.

இதற்காகவே 2017-இல் அளவுகோலைத் திருத்தினார்கள். நோயெதிர்ப்பு மருந்து பெறுபவருக்கு முதல் ஸ்கேனில் கட்டி வளர்ந்ததாகத் தெரிந்தால் அதை 'உறுதியாகாத வளர்ச்சி' என்று குறித்து, 4 முதல் 8 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இதில் பொய் நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவும் கூடாது. இப்படிப் பெரிதாகிப் பிறகு சுருங்குவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. பெரும்பாலோருக்கு வளர்ந்ததாகத் தெரிவது வளர்ந்ததுதான். ஆனாலும் "இன்னும் ஆறு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன்" என்று மருத்துவர் சொல்லும்போது, அவர் தட்டிக் கழிக்கிறார் என்றோ எதையோ மறைக்கிறார் என்றோ நினைக்க வேண்டாம். அந்தச் சமயத்தில் உண்மை யாருக்குமே தெரியாது. உடம்புக்குள் அது இன்னும் முடிவாகவில்லை.

மனம் இதையெல்லாம் கேட்குமா? லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் 2016-இல் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் கற்கள். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று இருந்தபோதுதான் மன அழுத்தம் உச்சம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற நிலைதான் நம்மை அதிகம் வாட்டுகிறது. ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர் சரியாக அங்கேதான் நிற்கிறார். பென்சில்வேனியாவில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 103 பேரிடம் நடந்த ஆய்வில் 83 சதவீதம் பேர் ஸ்கேனை ஒட்டி ஏதோ ஓர் அளவு மனவேதனை உண்டு என்றார்கள். நோய் கண்டு எத்தனை காலம் ஆயிற்று என்பதால் அது குறையவில்லை. போன ஸ்கேன் நன்றாக இருந்ததா என்பதாலும் குறையவில்லை. "போன தடவைதான் நல்லா வந்துச்சே, அப்புறம் ஏன் பயப்படறீங்க?" என்று கேட்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலிபோர்னியா ரிவர்சைடு பல்கலைக்கழகத்தின் கேட் ஸ்வீனி, வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். மனதைத் திருப்ப அவர்கள் எடுத்த முயற்சிகளில் பெரும்பாலானவை பதற்றத்தைக் குறைக்கவில்லை. கவலையோடு காத்திருந்தவர்களோ, செய்தி வந்தபோது அதைத் தாங்கிக்கொள்ள மேலும் தயாராக இருந்தார்கள். பயப்படுகிறவரிடம் "பாசிட்டிவா நினைங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது உதவி இல்லை என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கவனத்தை முழுக்க இழுத்துக்கொள்ளும் ஒரு வேலை, நேரம் போவது தெரியாமல் செய்யும் எதுவாயினும், கொஞ்சம் ஆறுதல் தரும் என்பதையும் அவர் குழு கண்டது.

முடிவை யார் முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கே திரும்புகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த பால் கலாநிதி ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். 2013-இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. மாத்திரையில் கட்டிகள் சுருங்கி, அறுவை அரங்குக்கே திரும்பிப் போனார். பயிற்சி முடியும் தறுவாயில் எடுத்த ஸ்கேனை, தன் மருத்துவரைப் பார்க்கும் முன்பே மருத்துவமனைக் கணினியில் தானே திறந்து பார்த்தார். வலது நுரையீரலின் நடு மடலில் புதிய கட்டி. 2015 மார்ச்சில், 37 வயதில் அவர் இறந்தார். இந்த அனுபவத்தைச் சொல்லும் அவருடைய நூல் அடுத்த ஆண்டு வந்தது. தன் படத்தைத் தானே முதலில் பார்ப்பது அவர் எடுத்த முடிவு. படிக்கத் தெரிந்தவர், பார்த்தார். படிக்கத் தெரியாதவருக்கும் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதே உரிமை வேண்டும்; கூடவே, படித்துச் சொல்ல ஆளும் வேண்டும்.

ஆகவே ஆலனில் இருப்பவர்கள் ஸ்கேன் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைக்கலாம்: யார் சொல்வார்கள், எந்த நாளுக்குள், நேரிலா போனிலா, மூன்று நாளுக்குள் அழைப்பு வராவிட்டால் எந்த எண்ணுக்குப் பேசுவது? செயலி அறிவிப்பை அணைத்துவைக்கவும் வழி உண்டு. இன்னொன்று, நம்மவர்களுக்கே உரியது. அடையாறிலோ வேலூரிலோ சிகிச்சை பெற்ற அப்பாவையோ அம்மாவையோ இங்கே அழைத்து வந்திருப்போம். பையில் அறிக்கைக் காகிதங்கள் மட்டும் இருக்கும். ரேடியாலஜிஸ்டுக்கு வேண்டியது பழைய படங்களே. நுரையீரலில் 6 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று தெரிந்தால், அது இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறதா, புதிதாக முளைத்ததா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் நிமிடங்களில் சொல்லிவிடலாம். படம் இல்லாவிட்டால் அதே கேள்விக்கு விடை அறிய இன்னும் மூன்று மாதம் காத்திருக்க நேரும். ஊரிலிருந்து கிளம்பும் முன் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் கேட்டால் எல்லாப் படங்களையும் சி.டி. தட்டிலோ பென்டிரைவிலோ பதிந்து தருவார்கள். பெற்றோருடைய பாஸ்போர்ட்டோடு அதையும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.